மலைக்கு வரும் சுகாதாரச் செய்தியை யார் தீர்மானிக்கிறார்கள்?

மலைக்காற்று எழுதியது:

வணக்கம். சேலத்தில் தகவல் தொடர்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சுகாதாரச் செய்திகள் மக்களிடம் எப்படிப் போய்ச் சேர்கின்றன என்பதுதான் தலைப்பு, களம் ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலைக்கிராமங்கள். இந்தக் குழுவில் மலைக்காரர்களும் சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவர்களும் இருக்கிறீர்கள், அதனால் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

மோகன் தத்தா என்று ஒரு ஆய்வாளர். கரக்பூர் ஐஐடியில் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா போய் இந்தத் துறைக்கு வந்தவர். பர்டூ பல்கலைக்கழகம், அப்புறம் சிங்கப்பூர், இப்போது நியூசிலாந்தில் மாஸி பல்கலைக்கழகம். 2000களின் தொடக்கத்தில் மேற்கு வங்கத்துச் சந்தால் மக்களிடையே வேலை செய்திருக்கிறார். போனவர் எதையும் போதிக்கவில்லை, ஆரோக்கியம் என்றால் உங்களுக்கு என்ன என்று கேட்டிருக்கிறார். திரும்பத் திரும்ப வந்த பதில், வயிற்றுக்குச் சாப்பாடு, செய்ய வேலை, வைத்தியத்துக்குக் காசு. டாக்டர் சொல்வது புரியாமல் அவர்கள் கஷ்டப்படவில்லை, டாக்டரிடம் போக வழியில்லாமல்தான் கஷ்டப்பட்டிருக்கிறார்கள்.

இந்தத் துறையில் அதுவரைக்கும் பெரும்பாலும் நடந்தது வேறு. மக்களுக்கு விஷயம் தெரியாது, தெரியவைத்தால் மாறிவிடுவார்கள் என்று வைத்துக்கொண்டு, நிபுணர்கள் செய்தியை எழுதி, போஸ்டரிலும் ரேடியோவிலும் இறக்கி, கடைசியில் எத்தனை பேர் மாறினார்கள் என்று எண்ணுவார்கள். தத்தா இதை அப்படியே திருப்பிப் போட்டார். எது பிரச்சினை என்பதையே அந்த ஊர்க்காரர்கள் தீர்மானிக்கட்டும் என்றார். ஓர் ஊரின் பண்பாடு, அந்த ஊரை அழுத்தி வைத்திருக்கும் வசதிக்குறைவுகளும் அதிகாரமும், அதற்குள்ளேயே மனிதர்கள் தங்களுக்கென எடுக்கிற முடிவுகள், இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அவர் கட்சி. சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்யும் வெளிநாட்டுப் பெண்களோடும் இதே முறையில் வேலை செய்திருக்கிறார். அந்தப் பெண்களே ஆலோசனைக் குழுவில் உட்கார்ந்து எதைச் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

எனக்கு இது நெஞ்சில் பதிந்துவிட்டது. ஆனால் கேள்வியும் இருக்கிறது. கேள்வித்தாளோடு மலையேறிப் போய், சர்க்கரை நோய் பற்றித் தெரியுமா, ஆம் அல்லது இல்லை என்று டிக் அடித்துக்கொண்டு வருவது எனக்கு எளிது, ஆய்வும் சீக்கிரம் முடியும். உட்கார்ந்து கேட்பது என்றால் மாதக்கணக்கு ஆகும். நம்ம சேர்வராயன் மலையில் இது எடுபடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


தறிச்சத்தம் எழுதியது:

தங்கச்சி, நான் மலைக்காரி இல்லை, அம்மாப்பேட்டை பக்கம். வீடு வீடாகப் போய் பிபி, சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற தன்னார்வலர். நெசவாளர் வீடுகள்தான் அதிகம். படிப்பு விஷயம் எனக்குத் தெரியாது, ஆனா நீங்க எழுதினதைப் படிச்சதும் ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு.

எங்க பகுதியில ஒரு அம்மா. எழுபது வயசு தாண்டியாச்சு, எழுதப் படிக்கத் தெரியாது, மாத்திரை எல்லாம் தூக்குப்போசியில போட்டு மூடி வச்சிருப்பாங்க. ஒரு மாசம் போய்ப் பார்த்தா பிபி எகிறிக் கிடக்கு. மாத்திரை சாப்பிடறீங்களான்னு கேட்டா சாப்பிடறேன்கறாங்க. போசியைத் திறந்து பார்த்தா புது அட்டை அப்படியே இருக்கு. என்னன்னு கேட்டா, "இது என் மாத்திரை இல்ல கண்ணு, என்துது ரோஸ் கலரு, இது வெள்ளை, ஆள் மாத்திக் குடுத்துட்டீங்க" அப்படின்னாங்க. கம்பெனி மாறினா கலர் மாறும், அட்டையும் மாறும், உள்ள மருந்து அதேதான். இதை யாருமே அவங்ககிட்ட சொல்லலை. அவங்களும் கேட்டா நம்மளைத் திட்டுவாங்களோன்னு சும்மா இருந்துட்டாங்க.

எங்களுக்குப் பயிற்சியில உப்பைக் குறைக்கச் சொல்லுங்க, நடக்கச் சொல்லுங்க, மாத்திரையை விடாம சாப்பிடச் சொல்லுங்கன்னுதான் இருக்கும். எல்லாமே சரியான விஷயம்தான். ஆனா கலர் மாறினா என்ன சொல்லணும்னு அதுல இல்ல, ஏன்னா அந்த அம்மாவை யாரும் கேட்டு அதை எழுதலை. இப்ப நான் புது அட்டை கொடுக்கும்போதெல்லாம் பழைய காலி அட்டையை எடுத்து வரச் சொல்லி, ரெண்டையும் பக்கத்துல வச்சுக் காட்டிட்டுத்தான் கொடுக்கிறேன். காலை மாத்திரை அட்டையில மஞ்சள் நூல், ராத்திரி மாத்திரைக்குக் கறுப்பு நூல். தறி ஓட்டற வீட்டுல நூலுக்கா பஞ்சம்.


கொண்டை ஊசி 20 எழுதியது:

நான் மலையில பிறந்து வளர்ந்தவன், மலையாளி சாதி, கேரளாக்காரங்க இல்லை, இந்த மலைப் பழங்குடி, காப்பித் தோட்டத்துல மேஸ்திரி. மறைச்சுப் பேசத் தெரியாது, தங்கச்சி கோவிச்சுக்கக் கூடாது.

எங்க ஊருக்குக் கேட்க வந்தவங்களுக்குக் குறைச்சலே இல்லைங்க. காலேஜ் பிள்ளைங்க வருவாங்க, தொண்டு நிறுவனம் வரும், சர்வே வரும். என்ன சாப்பிடறீங்க, எங்க வெளிக்குப் போறீங்க, வீட்டுல எத்தனை பேர் படிச்சிருக்கீங்க, எல்லாம் கேட்டு எழுதிட்டுப் போவாங்க. ஒருத்தராவது திரும்பி வந்து, நீங்க சொன்னதை வச்சு இதைச் செஞ்சோம், இல்ல செய்ய முடியலைன்னு சொன்னது கிடையாது. அதனால எங்க ஆளுங்க ஒரு பழக்கம் வச்சிருக்காங்க. யார் வந்து என்ன சொன்னாலும் "சரிங்க". கை கழுவணும், சரிங்க. ஆஸ்பத்திரியிலதான் பிரசவம் பார்க்கணும், சரிங்க. வந்தவங்களும் மக்கள் நல்லா ஏத்துக்கிட்டாங்கன்னு எழுதிட்டுப் போயிடறாங்க. அந்தச் சரிங்கவுக்கு, நீங்க சீக்கிரம் கிளம்பினா எங்களுக்கு வேலை இருக்குன்னு அர்த்தம்.

ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு தெரியாத மனுசன் எங்க மலையில இல்லை. போறதுக்கு வழிதான் இல்லை. மெயின் ரோட்டு மேல இருக்கிற ஊருக்குப் பிரச்சினை இல்லை. உள்ள இருக்கிற ஊருக்கு பஸ் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, மழை பிடிச்சா அதுவும் சந்தேகம். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னிக்குக் கூலி போச்சு. காப்பிப் பழம் பறிக்கிற நாள்ல, நவம்பர்லருந்து பிப்ரவரி வரைக்கும்னு வச்சுக்கங்க, கிலோ கணக்குலதான் காசு. வருசத்துக்கே அப்பத்தான் நாலு காசு கண்ணுல பார்ப்பாங்க. அந்த நேரத்துல பார்த்துத்தான் முகாம் போடுவாங்க, கூட்டம் வரலைன்னா விழிப்புணர்வு பத்தலைன்னு சொல்லுவாங்க. விழிப்புணர்வு யாருக்குப் பத்தலை?

அந்த மோகன் தத்தா சார் சொல்றது நியாயமாத்தான் படுது. ஆனா கேட்டுட்டு என்ன பண்ணுவாருன்னு தெரிஞ்சாத்தான் நான் நம்புவேன்.


மலைக்காற்று எழுதியது:

கோபமே இல்லை அண்ணா. இந்த "சரிங்க" விஷயத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. கேள்வித்தாளோடு வந்திருந்தால் நானும் அந்தச் சரிங்கவை 'ஆம்' கட்டத்தில் டிக் அடித்திருப்பேன், அந்தப் பதிலை வைத்து ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கலாம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அவர் முறையில் கேட்பதோடு வேலை முடிவதில்லை. அந்த ஊர்க்காரர்களே குழுவாக உட்கார்ந்து, கிடைக்கிற பணத்தை எதற்குச் செலவு செய்வது, யாரிடம் போய் என்ன கோருவது என்பது வரைக்கும் முடிவெடுக்க வேண்டும் என்கிறார். அது ஒரு ஆய்வு மாணவிக்கு எவ்வளவு தூரம் சாத்தியம் என்பதுதான் என் கவலை.


பழைய ஊசி எழுதியது:

கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மலையிலும் வேலை பார்த்திருக்கிறேன், கீழேயும் பார்த்திருக்கிறேன். மேஸ்திரி தம்பி சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் செய்தி என்பது ஒன்றுமே இல்லை, பஸ் விட்டால் போதும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டு வாசலுக்கே கொண்டுபோன தடுப்பூசியை வேண்டாம் என்று கதவைச் சாத்தினதையும் பார்த்தவள் நான்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளுக்குப் போடுவதாக ஏற்பாடு. அந்தச் சமயத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது, ஊசி போட்டால் பிள்ளைக்குப் பின்னால் குழந்தையே பிறக்காது, இது வெளிநாட்டுச் சதி என்று. தமிழ்நாடு முழுக்கப் பெற்றோர் பயந்துபோய், முகாமையே நீட்டிக்க வேண்டி வந்தது. எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்திலும் பாதிப் பிள்ளைகளை அன்றைக்கு அனுப்பவில்லை. மேலிடத்திலிருந்து வந்த துண்டறிக்கையில் 'வதந்திகளை நம்பாதீர்' என்று இருந்தது. அதைக் கொடுத்தால் இன்னும் சந்தேகப்பட்டார்கள். இவ்வளவு அவசரமாக மறுக்கிறார்களே, ஏதோ இருக்கிறது என்று.

நான் என்ன செய்தேன் என்றால், மதியம் சாப்பாட்டு வேலை முடிந்த நேரம் பார்த்து அம்மாக்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, யாரிடம் அந்தப் பதிவு இருக்கிறது, போடுங்கள், நானும் கேட்கிறேன் என்றேன். முதலில் ஒருத்தரும் போனை எடுக்கவில்லை. அப்புறம் ஒரு பெண் போட்டாள். முழுக்கக் கேட்டோம். நிறுத்தி நிறுத்தி, இந்த இடத்தில் உங்களுக்கு என்ன பயம் என்று கேட்டேன். ஆச்சரியம் என்னவென்றால், குழந்தை பிறக்காது என்கிற கதையைப் பாதிப் பேர் நம்பவே இல்லை. ஒரு தாய் சொன்னாள், "போன தடவை ஊசி போட்டு மூணு நாள் காய்ச்சல், அந்த மூணு நாளும் எனக்கு வேலை போச்சு, வீட்டுல பேச்சு வாங்கினேன், இப்ப இந்த வாட்ஸ்அப்பைக் காட்டி வேண்டாம்னு சொல்லிட்டா யாரும் என்னைத் திட்ட முடியாது." அவளுக்கு அந்த வதந்தி ஒரு சாக்கு. உண்மையான காரணம் காய்ச்சலும் கூலியும். வதந்தியை மறுத்து நான் நாள் முழுக்கப் பேசியிருந்தாலும் அவள் பிள்ளையை அனுப்பியிருக்க மாட்டாள். காய்ச்சலுக்கு மாத்திரை கையோடு தருகிறேன், மறுநாள் காலையில் நானே வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்று சொன்னேன். வந்தும் பார்த்தேன். அதற்கடுத்த வாரம் அவளே இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்தாள்.

2021இல் நடிகர் விவேக் ஏப்ரல் 15ஆம் தேதி எல்லோர் முன்னாலும் கொரோனா ஊசி போட்டுக்கொண்டு, 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்துபோனார். ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக்குழு சொன்னது, ஆனால் அது வருவதற்கு மாதக்கணக்கில் ஆனது. அதுவரைக்கும் வாசலில் நின்று பதில் சொன்னது எங்களைப் போன்ற செவிலியர்கள்தான். பிரபலமானவரைக் காட்டி நம்பிக்கையை வளர்த்தால், அவருக்கு ஏதாவது ஆகும்போது அந்த நம்பிக்கையும் சேர்ந்தே போய்விடும். அதே வீடுகளில் வருசக்கணக்காகப் போய்வந்த ஒரு செவிலியர் இருந்தால் அவர் வார்த்தைக்கு அப்படி ஆகாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2000களின் தொடக்கத்தில் ரோட்டோரம் எங்கே பார்த்தாலும் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா' என்று எழுதியிருந்தது. ஊரெல்லாம் அந்தக் கேள்வியைப் பேசியது, விளம்பரம் என்ற அளவில் பெரிய வெற்றி. ஆனால் என்னிடம் வந்த பெண்கள் பெரும்பாலும் கட்டின புருசனிடமிருந்து தொற்று வாங்கினவர்கள். லாரித் தொழில் நடக்கிற பகுதி இது. அந்த விளம்பரத்துக்குப் பிறகு இந்த நோய் வந்தாலே ஊர் சிரிக்கும் என்ற பயம் அவர்களுக்குக் கூடிப்போனது. பரிசோதனைக்கு வரவே தயங்கினார்கள். அந்தப் பெண்களில் பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டுவிட்டு அந்த வாசகத்தை எழுதியிருந்தால் அது அப்படி இருந்திருக்காது என்பது என் எண்ணம்.


வெள்ளை அங்கி எழுதியது:

மருத்துவர். சேலம் மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்திருக்கிறேன். இங்கே எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

மக்களிடம் கேளுங்கள் என்பது நல்ல விஷயம்தான். ஆனால் எல்லாவற்றையும் கேட்டு முடிவு செய்ய முடியாது. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டக் கூடாது, கடித்த இடத்தைக் கீறக் கூடாது, அசையாமல் வைத்து உடனே விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். இதில் ஊரின் கருத்து என்ன என்று கேட்டுக் குழு அமைக்க நேரமில்லை. சில விஷயங்கள் தெரிந்தவர்கள் சொல்ல, தெரியாதவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியவைதான். தத்தாவைப் படிக்கிறவர்கள் சிலர் நிபுணர் என்றாலே அதிகாரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கு அது ஒப்புதல் இல்லை.

அப்புறம், பழைய ஆய்வுகளையும் ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை காசநோய்க்கு இலவசமாக எக்ஸ்ரே எடுக்க வண்டியைத் தெருவுக்கே அனுப்பியது. ஆனாலும் பலர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் போன்றவர்கள் தேடியதில்தான் இந்தத் துறையின் புகழ்பெற்ற ஒரு கோட்பாடு பிறந்தது. எனக்கு இந்த நோய் வரும் என்று நினைக்கிறேனா, வந்தால் பெரிய ஆபத்தா, பரிசோதித்தால் பலன் உண்டா, போவதில் என்ன தடை, இந்த நான்கையும் மனிதர் மனசுக்குள் எடைபோடுகிறார் என்பது அது. செவிலியர் அம்மா அந்தத் தாயிடம் கண்டுபிடித்தது அந்த நான்காவதுதான். ஆக, பழையது எல்லாம் மக்களைக் கேட்காத ஆய்வு என்று சொல்ல முடியாது.

மாத்திரை நிறம் பற்றி எழுதிய சகோதரிக்கு: நீங்கள் கவனித்ததையே அமெரிக்காவில் கெஸ்ஸல்ஹைம் என்ற மருத்துவரின் குழு 2013இல் ஆய்வாக வெளியிட்டது. வலிப்பு மாத்திரையின் நிறம் மாறினால், மருந்தை இடையில் விட்டுவிடுபவர்கள் அதிகம் என்று அதில் வந்தது. படித்தவர்கள் நிறைந்த நாட்டிலேயே அப்படி. நூல் கட்டுகிற யோசனையை நான் என் நோயாளிகளிடம் சொல்லப்போகிறேன்.

2020இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது இந்த நிலைமையை வைத்துத்தான். மாத்திரை வீட்டுக்கே போகிறது, அது பெரிய விஷயம். ஆனால் வீட்டுக்குள் போன மாத்திரை வாய்க்குள் போவதற்கு நடுவில் ஒரு தூரம் இருக்கிறது, அதை அளக்க நம்மிடம் ஆள் இல்லை.

என் பழக்கம் ஒன்று. மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கணும், வீட்டில் போய் மருமகளிடம் எப்படிச் சொல்வீர்கள், என்னிடம் ஒரு தடவை சொல்லுங்கள்" என்பேன். புரிந்ததா என்று கேட்டால் மேஸ்திரி சொன்ன சரிங்கதான் வரும். இப்படிக் கேட்டால் பாதிப் பேர் தலைகீழாகச் சொல்வார்கள், அங்கேயே திருத்திவிடலாம். ஒருவருக்கு ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும். வெளிநோயாளிகள் வரிசையில் இருநூறு பேர் நிற்கும் நாளில் அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை, அதையும் மறைக்கவில்லை.


கொண்டை ஊசி 20 எழுதியது:

டாக்டர் சார் சொன்னது சரி, பாம்புக்கடிக்குக் கூட்டம் போட முடியாது. ஆனா சார், கடிச்ச பிறகுதான் நேரம் இல்ல, கடிக்கிறதுக்கு முன்னாடி நிறைய நேரம் இருக்கு. அப்ப எங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்போம்.

எங்க ஆளுங்க பச்சிலை வைத்தியர்கிட்ட முதல்ல போறது ஆஸ்பத்திரி மேல நம்பிக்கை இல்லாம இல்ல. வைத்தியர் பக்கத்து ஊர்ல இருக்காரு, ராத்திரி ரெண்டு மணிக்கும் கதவைத் திறப்பாரு. 108 வரும், ஆனா எங்க ஊர்ல இருந்து போன் பேசணும்னா சிக்னல் கிடைக்கிற பாறை மேல ஏறணும். அப்ப என்ன செய்யணும்? வைத்தியரைத் திட்டிப் போஸ்டர் அடிக்கிறதா, இல்ல அந்த வைத்தியரையே கூப்பிட்டு, ஐயா உங்ககிட்ட பாம்புக்கடின்னு வந்தா கட்டுப் போடாம இந்த வண்டிக்காரருக்கு உடனே ஆள் அனுப்புங்கன்னு பேசி வைக்கிறதா? எங்க ஊர்ல ஜீப் வச்சிருக்கவங்க யாரு, ராத்திரி யாரை எழுப்பலாம், இதெல்லாம் எங்களுக்குத்தான் தெரியும். பாம்பு பத்தி உங்களுக்குத் தெரியும், பாதை பத்தி எங்களுக்குத் தெரியும். ரெண்டும் சேர்ந்தாத்தான் ஆள் பிழைப்பான்.


வெள்ளை அங்கி எழுதியது:

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது, இனி எந்த ஊரில் எத்தனை என்று கணக்காவது வரும். அந்தக் கணக்கை ஊருக்குத் திருப்பிச் சொல்லி, மேஸ்திரி சொன்ன மாதிரி வைத்தியரையும் வண்டிக்காரரையும் சேர்த்துப் பேசினால் அது நல்ல வேலை. பச்சிலை வைத்தியரை எதிரியாகப் பார்க்கும் சக மருத்துவர்கள் உண்டு, நான் அப்படி இல்லை.


தறிச்சத்தம் எழுதியது:

எல்லாரும் நோயைப் பத்தியே பேசறீங்க, நான் இன்னொண்ணு சொல்லட்டுமா? தங்கச்சி தலைப்புல சமூக நலமும் வரும்னு நினைக்கிறேன்.

நான் போற வீடுகள்ல தனியா இருக்கிற பெரியவங்க நிறைய. பசங்க திருப்பூர், பெங்களூர்னு போயிட்டாங்க. கைத்தறியில இருந்தவங்க தறியைப் பிரிச்சுப் போட்டுட்டாங்க. முன்னாடி நாலு வீட்டு ஆளுங்க ஒண்ணா பாவு ஓட்டுவாங்க, தெருவே பேசிக்கிட்டு இருக்கும். இப்ப சத்தமே இல்ல. நான் போனா பிபி பார்க்க ரெண்டு நிமிசம், போன்ல பதிவு பண்ண அஞ்சு நிமிசம், அவங்க பேசறதைக் கேட்கத்தான் நேரம் இல்ல. ஆனா அவங்களுக்கு அதுதான் வேணும். ஒரு தாத்தா பிபி மெசினைக் கையில மாட்டினதும் பேச ஆரம்பிச்சுடுவாரு. பேசினா அளவு ஏறும் தாத்தான்னு சொன்னா, அப்ப அதைக் கழட்டிட்டுக் கேளும்மான்னு சொல்லுவாரு. கழட்டி வச்சுட்டுக் கேட்டுட்டு, அப்புறம் மறுபடி எடுத்தா அளவு குறைஞ்சிருக்கும். இது ஒரு தடவை இல்ல, பல தடவை பார்த்திருக்கேன்.


மலைக்காற்று எழுதியது:

அக்கா, சமூக நலம் கண்டிப்பாக வரும். உலக சுகாதார நிறுவனம் 1948இல் ஆரோக்கியத்துக்குச் சொன்ன விளக்கத்திலேயே உடல், மனம், சமூகம் மூன்றும் இருக்கிறது. அதே நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில், உலகில் ஆறில் ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்றும், தனிமையால் ஆண்டுக்கு சுமார் 8,71,000 பேர் இறக்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறது. ஹோல்ட் லன்ஸ்டட் என்ற உளவியல் ஆய்வாளர் 2010இல் 148 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, உறவும் நட்பும் வலுவாக இருப்பவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று வந்தது. நீங்கள் அந்தத் தாத்தாவிடம் உட்கார்ந்து கேட்பது வேலைக்கு நடுவில் போகிற நேரம் இல்லை, அதுவும் வைத்தியம்தான். ஆனால் பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது. அதை ஆய்வில் எழுத வேண்டும் என்று இப்போதே குறித்துக்கொண்டேன்.


பறைச்சத்தம் எழுதியது:

அறிவொளி இயக்கத்தில் நாடகம் போட்டுத் திரிந்தவன் நான், இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நம்ம சேலத்தில் நடந்ததையே யாரும் சொல்லவில்லையே. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதே, தொட்டிலில் போடு, அரசு வளர்க்கும் என்பது செய்தி. அதனால் பிழைத்த குழந்தைகள் உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் செய்தி யாரைப் பார்த்துப் பேசியது? பெற்ற தாயைப் பார்த்து. அவளுக்கு மூணாவதும் பெண்ணாகப் பிறந்தால் வீட்டை விட்டுத் துரத்துவேன் என்றவனைப் பார்த்து அது ஒன்றுமே சொல்லவில்லை.

பக்கத்தில் தர்மபுரியில், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அந்தக் காலத்தில், 1990களின் கடைசியில் டென்மார்க் அரசின் உதவி நிறுவனமான டேனிடாவின் துணையோடு ஊர் ஊராகக் கலைப்பயணம் போனார்கள். நாடகத்தில் நடித்தவர்கள் அந்தந்தப் பகுதிப் பெண்களும் பையன்களும்தான். தாயைக் குற்றவாளியாக நிறுத்தாமல், வரதட்சணை, மாமியார், புருசன், சொத்து என்று முழுக் குடும்பத்தையும் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். நாடகம் முடிந்ததும் கூட்டத்தில் பேச்சு தொடங்கும். நான் பார்த்த ஒரு ஊரில் ஆம்பளைகள் முதலில் எழுந்து போகப் பார்த்தார்கள், ஒரு கிழவி குறுக்கே நின்று "உட்காருங்கடா, உங்க கதைதான் இது" என்றாள். உட்கார்ந்தார்கள். அந்தக் கிழவியை எந்த நாடக ஆசிரியரும் எழுதவில்லை.


பழைய ஊசி எழுதியது:

பறைச்சத்தம் ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அந்தக் காலத்தில் பெண் குழந்தை பெற்ற தாய்மாரை நாங்கள் வாரத்துக்கு வாரம் போய்ப் பார்க்க வேண்டும், குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று. எங்களைக் கண்டாலே அந்தப் பெண்கள் கதவுக்குப் பின்னால் ஒளிவார்கள். பிறகு மாமியாரோடு திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே பேசத் தொடங்கினேன், அப்போதுதான் வீடு திறந்தது. முடிவெடுப்பவர் யார் என்று தெரியாமல் செய்தி சொல்வதில் பிரயோஜனம் இல்லை. மலைக்காற்று பாப்பா, நீ போகிற ஊரிலும் முதலில் இதைக் கண்டுபிடி.


மலைக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கேள்வித்தாளை முதலில் எடுத்துப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் யாரிடம் சொல்வீர்கள் என்ற ஒரு கேள்வியோடு தொடங்கப்போகிறேன். பச்சிலை வைத்தியர், ஜீப் வைத்திருப்பவர், மாமியார் எல்லோரும் அதில் வந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். மேஸ்திரி அண்ணா, கேட்டுவிட்டு என்ன செய்வாய் என்று கேட்டீர்கள். என்னால் பஸ் விட முடியாது. ஆனால் ஊர் சொன்னதை ஊருக்கே முதலில் தமிழில் எழுதிக் கொடுப்பேன், அவர்கள் திருத்திய பிறகுதான் பல்கலைக்கழகத்துக்குப் போகும். இது போதுமா, வேறு என்ன செய்ய வேண்டும்?


கொண்டை ஊசி 20 எழுதியது:

இப்ப சரி தங்கச்சி. இது வேற சரி, நிஜமான சரி.

ரெண்டு மூணு விஷயம் சொல்றேன். பழம் பறிப்பு முடிஞ்ச பிறகு வாங்க, மார்ச் மாசம்னு வச்சுக்கங்க. அப்பத்தான் ஆளுங்க வீட்டுல இருப்பாங்க. பகல்ல வராதீங்க, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாங்க, ராத்திரி தங்கறதுக்கு எங்க அக்கா வீடு இருக்கு. பொம்பளைங்ககிட்டத் தனியாப் பேசுங்க, ஆம்பளைங்க பக்கத்துல இருந்தா வாயே திறக்க மாட்டாங்க, தண்ணி பிடிக்கிற இடத்துல உட்கார்ந்தாப் போதும். பெரிய பையோட கூட்டமா வராதீங்க.

அப்புறம் அந்தத் தமிழ் அறிக்கை. அதை எங்களுக்குக் கொடுத்தாப் பத்தாது. மே 1ஆம் தேதி கிராமசபை நடக்கும். அதுக்குள்ள எழுதி முடிச்சீங்கன்னா, எங்க ஊர்ப் பொம்பளை ஒருத்தரே அதை சபையில எழுந்து படிக்கட்டும். சாயங்கால பஸ்ஸு, சிக்னல் டவர், முகாமை எந்த மாசம் வைக்கணும், இந்த மூணையும் தீர்மானமாப் போடச் சொல்லுவோம். தீர்மானப் புத்தகத்துல ஏறிட்டா பி.டி.ஓ. ஆபீசுக்குப் போயாகணும், அதுக்கப்புறம் விடாம அலையறது எங்க வேலை. டாக்டர் சார் அன்னிக்கு வர முடிஞ்சா வரட்டும், பாம்புக்கடி விஷயத்தை வைத்தியரையும் பக்கத்துல உட்கார வச்சுப் பேசிடலாம், நான் அவர்கிட்ட இந்த வாரமே சொல்லி வைக்கிறேன்.